பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கயிறு: குமரியில் ஐந்து நாள்

ஏப்ரல் 8, செவ்வாய்: ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம்

இது நான் போக வேண்டிய பயணமே இல்லை. போக வேண்டிய பி.டி. மிஸ், பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். சாகச முகாமுக்குக் கிளம்பியவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். "வணிகவியல் எடுக்கிறவங்களுக்கு இப்ப என்ன வேலை இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தலைமையாசிரியர் என் பெயரை எழுதிவிட்டார். ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிக்கவே ஆள் தேடுகிறவள் நான்.

பிளஸ் ஒன் பரீட்சை முடித்த பன்னிரண்டு பிள்ளைகள், துணைக்கு ஆய்வக உதவியாளர் அக்கா, நான். திண்டுக்கல்லிலிருந்து கன்னியாகுமரி மாவட்டம். மலை ஏறுவது, கயிற்றில் பாறை இறங்குவது, கடைசி நாள் கடலில் அலைச்சறுக்கு. கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு படிவமும் கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பெரிய கட்டம்: "மாணவியர் பெற்ற விழுமியங்கள் (ஐந்துக்குக் குறையாமல்)". அந்த அடைப்புக்குறியைப் பார்த்ததும் மொத்தக் கொள்முதல் ஆர்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பிள்ளைகள் பெயரை எழுத மாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள்.

கோவில்பட்டி தாண்டி பஸ் நின்றுவிட்டது. ஃபேன் பெல்ட். ஒன்றரை மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் பதினாலு பேர். எதிர்வீட்டு ஆச்சி கேட்காமலே இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த ஊரு பிள்ளைக, இம்புட்டு வெயில்ல" என்று எங்களைத் திட்டிவிட்டுப் போனார். மாற்று பஸ்ஸில் நெல்லை வரை பாதிப் பேர் நின்றபடிதான் வந்தோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தபோது மணி நாலு. இரண்டு பக்கமும் மலை ஒதுங்கி வழிவிடுகிறது. முப்பந்தல் காற்றாலைகளில் பாதி சும்மா நின்றன; அதற்கான சீசன் இன்னும் வரவில்லையாம். கணவாயைத் தாண்டினால் வேறு ஊர். தென்னை, வாழை, குளம், கழுத்தடியில் பிசுபிசுப்பு. எங்கள் ஊர் வெயில் சுடும். இந்த ஊர் வெயில் ஒட்டுகிறது.

வடசேரி பஸ் நிலையத்தில் டீயும் ரசவடையும். வடை பத்து ரூபாய், டீ பன்னிரண்டு. கடைக்காரர் ஒவ்வொரு பிள்ளையிடமும் "மக்களே, இனிப்பு கூட்டணுமா?" என்று கேட்டார். கண்ணாடி போட்ட பிள்ளை என் காதில், "மிஸ், நான் ஒருத்திதான் நிக்கிறேன், மக்களேங்கிறாரு" என்றாள். இங்கே ஒரு ஆளும் மக்களேதான்.

முகாம் கடலுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகைகள். பொறுப்பாளர் ஐம்பது தாண்டியவர், ராணுவத்தில் இருந்தவர். எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். சிரிக்கவே மாட்டேன் என்கிறார். கடலுக்குத் தனியாக ஒரு பெண், இருபத்து மூன்று வயதிருக்கும், மீனவக் குடும்பம். பிள்ளைகள் வந்த அரைமணி நேரத்தில் அவளுக்குக் கடல் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இரவு மாஸ்டர் வந்து, "கை கால் கழுவுங்க. அப்பம் சாப்பிட்டுக்கிட்டே நாளைக்க காரியம் பேசலாம்" என்றார். பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். வந்தது மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும். "மிஸ், அப்பம் எங்க?" இங்கே 'அப்பம்' என்றால் 'அப்போது' என்று கடல் டீச்சர் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே பசியில் கோபம் வந்துவிட்டது. கிழங்கை மசித்து, குழம்பை ஊற்றி, கையால் பிசைந்த பிறகு கோபம் போய்விட்டது. மீன் சாப்பிடாத இரண்டு பிள்ளைகளுக்குப் பயறு துவரன் தனியாக வந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை, சமையற்கார அம்மாவே கேட்டுச் செய்தார்.

ஏப்ரல் 9, புதன்: மருந்துவாழ் மலை

நாலரைக்கு எழுப்பினார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் கடலை மிட்டாய். பொட்டையடிப் பக்கம் வேனை விட்டு இறங்கும்போது இன்னும் விடியவில்லை.

அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஊர் சொல்லும் கதை. மூலிகை இருக்கிறதோ இல்லையோ, வாசனை இருக்கிறது. முதலில் படிகள். பிறகு பாறைமேல் பாறை.

மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் ஐந்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார். ஆக மெதுவாக வந்த ஆளைக் கூப்பிட்டு வரிசையின் முன்னால் நிறுத்தினார். "இவிய போற வேகந்தான் நம்ம வேகம். யாரும் முந்தப்பிடாது." அந்த ஆள் நான்தான்.

பதினாறு வயசுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே ஏறுவதைப்போல அவமானம் வேறில்லை. முதல் கால்மணி நேரம் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். நெஞ்சு அடைத்தது. "பைய போங்க டீச்சர். மலை எங்கயும் போவாது." அப்புறம் என் நடையே நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் பெருமூச்சு நின்று பேச்சு தொடங்கிவிட்டது. யாரும் யாரையும் துரத்தாததால் வரிசை அறவே அறுபடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இதற்கு நேர்எதிராகத்தானே செய்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. மூச்சு வாங்கியதால் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மேலே பிள்ளைத்தடம் குகை. நாராயண குரு தவமிருந்த இடம். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே பாறை குளிர்ந்து கிடந்தது. வெளியே வந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காற்றாலை, நடுவே குளமும் தென்னையுமாகக் கலைந்து கிடக்கிறது ஊர். தூரத்தில் குமரிமுனை. வள்ளுவர் சிலை 133 அடி, இங்கிருந்து ஊசி. கபடிக்காரி அதைக் கட்டைவிரலால் மறைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இறங்கும்போது மாஸ்டர் ஒரு கோணிப்பையை எடுத்தார். பேசவில்லை, காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டே இறங்கினார். கொஞ்ச தூரத்தில் பிள்ளைகளும் குனிய ஆரம்பித்தார்கள். படிவத்தில் எழுதலாம் என்று மனசு உடனே கணக்குப் போட்டது. என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

மத்தியானம் சுசீந்திரம் பக்கம் ஒரு மெஸ்ஸில் நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு. அவியல், எரிசேரி, பருப்பில் நெய், கடைசியில் பாயசத்துக்குள் மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். 110 ரூபாய். மட்டிப்பழம் விரல் நீளம்தான். வாசனை அறையை நிறைக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். கேட்காமலே இன்னொரு சீப்பும் வைத்தார்.

சாயங்காலம் இடி மழை. கொட்டகைக்குள் முடிச்சு வகுப்பு. எட்டு முடிச்சு: கயிற்றை எட்டுப் போல மடித்து, நுனியை அதே தடத்தில் திரும்ப ஓட்டிக்கொண்டு வர வேண்டும். "முடிச்சுன்னா போடவும் வரணும், அவுக்கவும் வரணும்" என்றார் மாஸ்டர். எடை தாங்கிய பிறகும் அவிழ்க்கச் சுலபம் என்பதால்தான் ஏறுகிறவர்கள் இதைப் போடுகிறார்களாம். வகுப்பில் நடுபெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டினாள். அவளைப் பதினொரு பேரும் முடிச்சுக்காரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்: பாறை

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். மரங்களில் சிரட்டை கட்டியிருக்கிறது. ரப்பர் ஷீட் காய்கிற நாற்றம் மூக்கிலேயே நின்றது. தோட்டத்துக்கு நடுவே 45 அடிப் பாறை. கீழிருந்து பார்த்தால் நம் பள்ளிக்கூட மாடி அளவு. மேலிருந்து பார்த்தால் அளவே இல்லை.

காலைச் சாப்பாடு அங்கேயே. புட்டு, பயறு, பப்படம். மூன்றையும் சேர்த்து நொறுக்கிச் சாப்பிட வேண்டும் என்று தோட்டத்து அம்மா சொல்லிக் கொடுத்தார். முப்பது ரூபாய்க்கு அவ்வளவு வைத்தால் எப்படிக் கட்டுப்படியாகிறதோ.

பிறகு பாடம். மாஸ்டர் முதலில் சொன்னது: "யாரும் கீழ சாடப்பிடாது." பிள்ளைகள் முழித்தார்கள். யாரையும் திட்டக்கூடாது என்கிறாரோ என்று எனக்கும் குழப்பம். இங்கே சாடுவது என்றால் குதிப்பது.

கயிறு 11 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே ஒரு திரி, அதன்மேல் பின்னிய உறை. மேலே ஒரு மரத்திலும் ஒரு பாறையிலுமாக இரண்டு இடத்தில் கட்டியிருந்தார். இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற ஹார்னஸ், கேரபினர் என்கிற திருகுப் பூட்டுள்ள கொக்கி, எட்டு வடிவத்தில் ஒரு இரும்பு வளையம். கேரபினரின் முதுகில் 22 கேஎன், அதாவது கிலோநியூட்டன், என்று பொறித்திருந்தது. 2,200 கிலோ எடைக்குப் பக்கமாகத் தாங்குமாம். "பத்துப் பதினஞ்சு மாடு தொங்கலாம் மிஸ்" என்றாள் கபடிக்காரி.

இதற்கெல்லாம் மேலே தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு. அதன் மறுமுனை மாஸ்டர் கையில்.

எனக்கு மனசில் நின்றது இவை எதுவும் இல்லை. தன் ஹார்னஸைத் தானே சரிபார்க்க விடவில்லை அவர். ஒருத்தி மாட்டுவாள். இன்னொருத்தி வாரை இழுத்துப் பார்த்து, பூட்டைத் திருகிப் பார்த்து, "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். கணக்கு எழுதுகிற ஆளே அதைச் சரிபார்க்கக் கூடாது என்று பதினேழு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. ஒரு பிள்ளைகூட அதை உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகப் படித்திருக்காது. நானும்தான். கண்ணாடிக்காரி தன் தோழியின் இடது தொடை வார் ஒரு சுற்று விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தாள். தோழிக்கு முகம் சுருங்கியது. "அவ உன்னைக் குறை சொல்லல, வாரைச் சொல்லுதா" என்றார் மாஸ்டர்.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அழுதுகொண்டே ஒருத்தி, முருகா முருகா என்று ஒருத்தி, பேசிக்கொண்டே ஒருத்தி.

ஏழாவதாக முடிச்சுக்காரி. எல்லாம் சரியாக மாட்டினாள். விளிம்பில் நின்றாள். அப்படியே நின்றுவிட்டாள். பத்து நிமிடம். கீழிருந்து பிள்ளைகள், "உன்னால முடியும்! உன்னால முடியும்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். எங்கள் ஆண்டு விழாவில் கற்றுக்கொடுத்த கோஷம்தான். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஒச்ச எடுக்காதீய. அவளுக்கு அவ மூச்சு கேக்கட்டு" என்றார். பிறகு கயிற்றை உதவியாள் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மட்டிப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். தைரியம் சொல்லவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

"வேணாம் மாஸ்டர்."

"செரி."

கழற்றினார். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு என் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

கடைசியில், "டீச்சர் வரலியா?" என்றார். பதினாலு ஜோடிக் கண்கள் என்மேல்.

கயிற்றில் இறங்கும்போது பின்னால் சாய வேண்டும். உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் முன்னால் சாய், பாறையைப் பிடி என்கிறது. வலது கை இடுப்புக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கிறது. அந்தக் கைதான் பிரேக். அதை மட்டும் விடவே கூடாது. "பாறையைக் கட்டிப்பிடிக்காதீங்க டீச்சர், கால் வழுக்கும்!" அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கட்டிப்பிடித்துவிட்டேன். கால் வழுக்கியது. முழங்கால் உரசி, பக்கவாட்டில் ஆடிப் போய் ஒரு ஈச்சஞ்செடியில் மோதினேன். தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒன்று தெரிந்தது: என் வலது கை கயிற்றை விடவில்லை. நான் பயந்த பயத்துக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நம்பிப் பின்னால் சாய்ந்தேன். உள்ளங்கால் இரண்டும் பாறையில் பதிந்தன.

கீழே வந்ததும் தன்னம்பிக்கை எல்லாம் பெருகவில்லை. டீக்கிளாஸ் ஆடிப் புடவையில் கொட்டியது. இன்னொரு தரம் ஏறச் சொன்னால் மாட்டேன்.

திற்பரப்பு அருவியில் ஏப்ரல் தண்ணீர்தான், நூலாக விழுந்தது. முழங்கால் சிராய்ப்பில் பட்டுச் சுரீரென்றது. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். 28 தூண்கள், 115 அடி உயரம், 1966-இல் கட்டி முடித்தது. பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையின் கால்வாய்த் தண்ணீரை எதிர் மலைக்குக் கொண்டுபோகிறது. இப்போது தொட்டி காய்ந்து கிடந்தது. ஜூனில் கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறந்தால்தான் தண்ணீர். நான் நடுவிலேயே நின்றுவிட்டேன். முடிச்சுக்காரி நேந்திரங்காய் சிப்ஸ் கொறித்துக்கொண்டு அந்தக் கோடி போய்த் திரும்பி வந்தாள். காலையில் 45 அடிக்கு நின்ற பிள்ளை.

"இங்க பயமில்லையா?"

"இங்க கைப்பிடிச் சுவர் இருக்கே மிஸ்." என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், இதைக் கூடவா கேட்பார்கள் என்பதுபோல.

ஏப்ரல் 11, வெள்ளி: கள்ளக்கடல்

அலைச்சறுக்கு நாள். பிள்ளைகள் ஐந்து மணிக்கே தயார். நீளமான மெத்தைப் பலகைகள், கணுக்காலில் மாட்டுகிற கயிறு, உயிர்காப்புச் சட்டை. நேற்று இரவு மணலில் பலகையை வைத்து, படுத்திருந்து ஒரே எழும்பில் நிற்கப் பழகியிருந்தார்கள். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் இருந்ததால் நிலா வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்னைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கடல் எனக்கு அமைதியாகத்தான் தெரிந்தது. காற்றே இல்லை. தென்னை ஓலைகூட அசையவில்லை. கடல் டீச்சர் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். மாஸ்டரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பேசவில்லை, பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஒரு அலை உடைஞ்சு அடுத்த அலை உடையுத வர எண்ணுங்க" என்றாள்.

எண்ணினார்கள். பதினாறு நொடி. பதினேழு. பதினெட்டு.

"சாதாரணமா எட்டு ஒம்பதுல அடுத்தது வந்துரும். காத்து இல்லாம இம்புட்டு இடைவெளி விட்டு வருதுன்னா, இந்த அலை இங்க பிறந்ததில்ல. தெக்க ரொம்பத் தூரத்துல எங்கயோ புயல் அடிச்சிருக்கு. அது கெளப்பிவிட்டது நாள்கணக்கா ஓடி இப்பம் வருது." பெரியவர் வலையிலிருந்து தலை நிமிராமல் பெயர் சொன்னார்: "கள்ளக்கடல்." சத்தம் காட்டாமல் வந்து கரையேறுவதால் அந்தப் பெயர்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள் கடல் டீச்சர். மாஸ்டருக்கு அவள் வயதில் மகள் இருக்கலாம். ஆனாலும் அவர் "செரி" என்று சொல்லிப் பலகைகளைச் சுமக்கத் தொடங்கிவிட்டார்.

இனி வருவது என் லட்சணம். தலைமையாசிரியர் போன் செய்தார். கட்டணம் கட்டியாயிற்றே, அடுத்த வருஷச் சேர்க்கை நோட்டீஸுக்கு அலையில் நிற்கிற போட்டோ வேண்டுமே என்றார். நான் போய், "கணுக்கால் தண்ணியில பலகையோட நிக்கட்டும், ஒரே ஒரு போட்டோ" என்று கேட்டேன். கேட்டேன்தான். கடல் டீச்சர் என்னை மரியாதையாகப் பார்த்து, "இல்ல டீச்சர்" என்றாள். நான் விடவில்லை. "பாருங்க, தண்ணி எவ்ளோ தள்ளி இருக்கு" என்று, எங்கள் செருப்புகளை வரிசையாக விட்டிருந்த இடத்தைக் காட்டினேன். தண்ணீருக்கும் அதற்கும் இருபதடியாவது இருக்கும்.

அதற்குப் பிறகு நாலாவதோ ஐந்தாவதோ அலை. உயரமாகக்கூட இல்லை. உடைந்த பிறகு நிற்காமல் ஏறி வந்துகொண்டே இருந்தது, பால் பொங்கி வழிவதுபோல. பெரியவர் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். பிள்ளைகள் மேட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பு வரிசை மிதந்தது. திரும்பிப் போகும்போது தண்ணீர் காலடி மணலை உருவிய வேகத்தில் நான் உட்கார்ந்தே விட்டேன். ஏழு செருப்பு போய்விட்டது. அதில் இரண்டு என்னுடையவை.

யாரும் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. நேற்று முடிச்சுக்காரியிடம் சொல்லாததுபோலவே.

கரையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடிக்கும்போதுதான் மாஸ்டர் சொன்னார். 2024 மே மாதம், இதே கடற்கரையில் கொஞ்ச தூரம் தள்ளி, லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் போனார்கள். அன்றைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. "வெளியூர்ப் பிள்ளைய. அவியளுக்குக் கடலு படம் மாதிரி." பெரியவர் 2017 ஒக்கியைச் சொன்னார். நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை. அவருடைய அக்கா மகன் அதில் ஒருவன். சொல்லிவிட்டு ஊசியில் நைலான் நூலைக் கோத்தார்.

முடிச்சுக்காரி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாஸ்டரிடம் கேட்டாள்: "அப்ப நேத்து நான் பண்ணினதும் இதுவும் ஒண்ணுதானா?"

எனக்கு ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. பிள்ளைக்கு ஆறுதலாக இருக்குமே.

"இல்ல மக்களே" என்றார் அவர். "நேத்து கயிறு செரியா இருந்து, பாறை செரியா இருந்து, நான் மேல இருந்தேன். உனக்கு உள்ள சொன்னதக் கேட்டுத் திரும்புன. இன்னைக்கு இவ கடலு சொன்னதக் கேட்டுத் திரும்புதா. நீ திரும்புனது தப்புன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணுன்னும் சொல்ல மாட்டேன்."

அவள் முகம் வாடியது. கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி அந்தப் பாறைக்குப் போலாமா?" என்றாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேனில் போக வேண்டும். தோட்டக்காரரிடம் நேற்றைக்கு மட்டும்தான் அனுமதி. போக முடியவில்லை.

மத்தியானம் மணக்குடிக் காயல். பழையாறு கடலில் சேருகிற இடம். 2004 சுனாமியில் இங்கே பாலமே உடைந்து போயிருக்கிறது; இப்போது புதுப் பாலம். காயல் பாலாடைபோலக் கிடந்தது. கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, ஊறுகிற நாற்றம். அலைச்சறுக்குப் பலகைகளை அங்கே போட்டுத் துடுப்போடு நிற்கப் பழகினோம். நான் ஒன்பது தடவை விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர், சகதி. நொங்கு சர்பத் முப்பது ரூபாய், இரண்டு குடித்தேன். கபடிக்காரி எழுந்து நின்று சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். தலைமையாசிரியருக்கு அந்தப் போட்டோவைத்தான் அனுப்பினேன். "கடல் மாதிரியே இருக்கு, நல்லது" என்று பதில் வந்தது.

ஏப்ரல் 12, சனி: திரும்புகிற பஸ்

கிளம்பும்போது மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். என் கால்களைப் பார்த்துத்தான். வடசேரியில் வாங்கிய நீல ரப்பர் செருப்பு, 120 ரூபாய். கடல் டீச்சர் ஒரு பை நிறைய முந்திரிக்கொத்து கொடுத்து, "அடுத்த தடவ ஜனவரி பிப்ரவரியில வாங்க டீச்சர், கடலு நல்லாருக்கும்" என்றாள்.

நேற்று பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்களால் பஸ் பிதுங்கியது. மடியில் பொங்கல் பானையோடு ஒரு பாட்டி, காலடியில் அரிவாள்மணை, தூங்குகிற பேரன். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

படிவத்தை எடுத்துச் செலவுப் பக்கத்தை முடித்தேன். ஐந்து பிள்ளைகளுக்குச் செருப்பு, எனக்கு ஒன்று. இதர செலவு என்று போட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் 'குழு உணர்வு' என்று எழுதி அடித்தேன். 'தலைமைப் பண்பு' என்று எழுதி அதையும் அடித்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூடி வைத்துவிட்டேன்.

நெல்லை தாண்டி கண்டக்டர் முன்னால் வந்து நின்றார். "யம்மா, இது யாரு கம்பியில பூட்டுப் போட்டது?" முடிச்சுக்காரி தன் துப்பட்டாவை முன்சீட்டுக் கம்பியில் எட்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிப் போயிருந்தாள். நின்றுகொண்டிருந்த பாட்டி ஒருவருக்குப் பிடித்துக்கொள்ள அந்தக் கம்பி வேண்டும். கண்டக்டர் நகத்தால் நெம்பினார். வரவில்லை. பல்லால் கடிக்கப் போனவரைப் பார்த்து அவள் விழித்துக்கொண்டாள். முடிச்சின் கழுத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒரு மடக்கு. அவிழ்ந்து வந்தது.

"எனக்கும் ஒரு தடவ காமி பாப்பா. மேல லக்கேஜ் கட்டணும்."

டிக்கெட் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துப்பட்டாவில் போட்டுப் பார்த்தார். எட்டு வந்தது. திரும்ப ஓட்டும்போது குழம்பினார். இழுத்து இறுக்கிவிட்டு, "சரியா?" என்றார்.

"இல்லண்ணே. பக்கத்துல யாரையாவது திருப்பிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். கண்டக்டர் துப்பட்டாவை என் பக்கம் நீட்டினார்.